மண்ணும் சொல்லும்: செனகல் ஆற்றங்கரைக்குத் திரும்பியோர் பற்றிய மூன்று படைப்புகள்

முன்னுரை

ஆப்பிரிக்க ஒன்றியம் 2003ஆம் ஆண்டில் தன் அமைப்புச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, கண்டத்திற்கு வெளியே வாழும் ஆப்பிரிக்கர்களைத் தன் பணிகளில் பங்குகொள்ள அழைத்தது. 2005ஆம் ஆண்டில் அவர்களுக்கு ஒரு வரையறையும் வகுக்கப்பட்டது. அவ்வரையறை ஆப்பிரிக்க வழித்தோன்றல் என்பதோடு நிற்கவில்லை. கண்டத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்கும் விருப்பமும் வேண்டும் என்கிறது. பிறப்பாலும் வரலாற்றாலும் அமையும் ஓர் அடையாளத்தோடு ஒரு கடமையும் சேர்த்துக் கட்டப்பட்டிருப்பது கருதத்தக்கது. புலம்பெயர்ந்தவர் என்றாலே கொடுப்பவர் எனும் எண்ணம் இன்று அரசுகளிடமும் வங்கிகளிடமும் தொண்டு நிறுவனங்களிடமும் வேரூன்றியுள்ளது. அவர்களது பங்களிப்பு பெரும்பாலும் பணத்தால் அளக்கப்படுகிறது. எவ்வளவு அனுப்பினர், எத்தனை கிணறுகள் தோண்டினர், எத்தனை வகுப்பறைகள் கட்டினர் என்று கேட்கப்படுகிறது. எந்த நிலத்தில் எதனைப் பயிரிடுவது, விளைந்ததை யாருக்கு விற்பது என்பவற்றை முடிவு செய்தவர் யார் எனும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது.

இவ்வினாவைத் தம் நடுப்பொருளாகக் கொண்ட மூன்று படைப்புகளை நாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். மூன்றும் செனகல் ஆற்றின் மேற்பகுதியில் வாழும் சொனிங்கே மக்களையும் அவர்களோடு பிரான்சில் உழைத்த பிற மேற்கு ஆப்பிரிக்கத் தொழிலாளரையும் பற்றியவை. முதலாவது, மொரித்தானியரான சிட்னி சொக்கோனா இயக்கி 1978இல் வெளிவந்த ‘சஃப்ரானா அல்லது பேச்சுரிமை’ எனும் திரைப்படம். இரண்டாவது, மானிடவியலாளர் ஏட்ரியன் ஆடம்ஸும் உழவர் தலைவர் ஜாபே சோவும் இணைந்தெழுதி 1996இல் வெளிவந்த ‘ஆற்றங்கரை நிலத்தின்மீது ஓர் உரிமை’ எனும் பொருள்படும் தலைப்பைக் கொண்ட ஆங்கில நூல். மூன்றாவது, பூபா தூரேயும் ரஃபாயெல் கிரிசேயும் இயக்கி 2022இல் வெளிவந்த ‘ஹராசி ஹன்னே’ எனும் ஆவணப்படம். ‘குறுக்கிடும் குரல்கள்’ என்பது இச்சொனிங்கே தலைப்பின் பொருளாகும்.

ஊருக்குப் பணம் அனுப்புவதைவிட ஊரின் மண்ணைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையே பெரிது என இப்படைப்புகள் உணர்த்துகின்றன. ஆயினும், அவ்வுரிமை ஊருக்குள் யார் யாருக்கு உண்டு எனும் அடுத்த வினாவிற்கு இவற்றின் வடிவமே ஒரு வரம்பு இட்டுவிடுகிறது என்பது எம் மதிப்பீடு. இவ்விரு கூற்றுகளையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆறும் பெயர்வும்

செனகல் ஆறு மாலி நாட்டின் பாஃபுலாபே எனும் ஊரில், பாஃபிங், பக்கோய் என்னும் இரு ஆறுகள் கூடுமிடத்தில் தோன்றுகிறது. அங்கிருந்து காயெஸ் நகரைக் கடந்து, மொரித்தானியாவுக்கும் செனகலுக்கும் எல்லையாக ஓடி அட்லாந்திக் கடலில் கலக்கிறது. இப்பகுதி உழவர் மழைக்காலத்தில் மேட்டு நிலத்தில் சோளமும் கம்பும் விதைப்பர். வெள்ளம் வடிந்ததும் ஆற்றோரத்து ஈரமண்ணில் மறுபடியும் விதைப்பர். நிலத்தைப் போலவே பயணமும் இம்மக்களின் வாழ்க்கைக்கு ஆதாரமாக இருந்துவந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கப்பல்களில் மாலுமிகளாகவும், பின்னர் செனகல், காம்பியா நாடுகளின் நிலக்கடலை வயல்களில் பருவக்காலக் கூலிகளாகவும் சென்றனர். 1960களில் பிரான்சின் ஆலைகள் அவர்களை ஈர்த்தன.

இப்பெயர்வின் காரணம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. குடியேற்ற ஆட்சியின் தலைவரியும் கட்டாய உழைப்பும் வறட்சியுமே மக்களைத் துரத்தின என்பது ஒரு சாரார் கொள்கை. பிரான்சுவா மான்ஷுயெல் 1997இல் வெளிவந்த தம் நூலில் இதனை மறுத்தார். 1848 முதல் 1960 வரையிலான சான்றுகளைக் கொண்டு, சொனிங்கேயர் தம் விருப்பத்தின்பேரிலேயே பெயர்ந்தனர் என்றும், ஈட்டிய பொருளால் ஊரில் செல்வாக்கை நிலைநாட்டுவதே அவர்கள் குறிக்கோள் என்றும் அவர் வாதிட்டார். இவ்விரு கொள்கைகளுள் எது சரி என்று தீர்ப்பது எம் நோக்கமன்று. எனினும், மான்ஷுயெல் கூறுவதில் ஒரு பகுதி உண்மையென்றாலும், வெளிநாடு சென்றவன் மண்வெட்டியோடு திரும்புவது எத்துணை அரிய செயல் என்பது விளங்கும். பயணம் செல்வாக்கைத் தருமென்றால், உழவுக்குத் திரும்புதல் அச்செல்வாக்கைத் தானே கைவிடுவதற்கு ஒப்பாகும்.

பிரான்சில் இத்தொழிலாளர் நெரிசல் மிக்க விடுதிகளில் தங்கினர். வாடகை உயர்வையும் விடுதி நிருவாகத்தின் கெடுபிடியையும் எதிர்த்து 1975 முதல் 1980 வரை பெரும் வாடகை மறுப்புப் போராட்டம் நிகழ்ந்தது. 1974ஆம் ஆண்டு சூலை மாதத்தில் பிரெஞ்சு அரசு புதிய தொழிலாளர் வருகையை நிறுத்தியது. 1977இல் நாடு திரும்ப ஒப்புவோருக்குப் பத்தாயிரம் பிராங்கு வழங்கும் திட்டத்தையும் அறிவித்தது. ‘திரும்புதல்’ எனும் சொல் அவ்வாண்டில் இரு பொருளைத் தாங்கி நின்றது. அரசு வழங்கிய பத்தாயிரம் பிராங்கில் அது வெளியேற்றம். தாமே திட்டமிட்டுத் திரும்பியவர்களிடத்தில் அது ஒரு தொடக்கம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாகாது. நாம் எடுத்துக்கொண்ட படைப்புகளைப் படிப்போர் முதலில் மனங்கொள்ள வேண்டியது இவ்வேறுபாடே.

பணம் செய்வதும் செய்யாததும்

படைப்புகளுக்குள் நுழைவதற்கு முன், பணத்தின் பயன் பற்றிப் பொருளியலார் கண்டவற்றைச் சுருங்கக் காண்போம். ஊர்தோறும் அமைந்த புலம்பெயர்ந்தோர் சங்கங்கள் மாலியின் சிற்றூர்களில் பள்ளி, மருத்துவமனை, குடிநீர் ஆகிய வசதிகளைப் பெருக்கியுள்ளன. 1976, 1987, 1998, 2009 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு, லிசா ஷொவே, பிளோர் குபேர் முதலியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிப்படுத்துகிறது. தத்தம் விடுதியறையில் மாதச் சந்தா திரட்டி இவ்வளவும் செய்து முடித்த தொழிலாளரின் ஈகை போற்றுதற்குரியது.

உழவைப் பொறுத்தவரை நிலை வேறு. குபேரும் ழான்-போல் அசாமும் காயெஸ் பகுதியை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரையில், வெளிநாட்டிலிருந்து வரும் பணம் குடும்பங்களுக்கு ஒரு காப்பீடாக அமைகிறது என்றனர். விளைச்சல் பொய்த்தாலும் பணம் வரும் எனும் உறுதி, நிலத்தில் முயன்று உழைக்கும் ஊக்கத்தைக் குறைக்கிறது என்பது அவர்தம் முடிவு. இதனை உழவரின் சோம்பலாகக் காண்பது பிழை. மழை தவறினால் மொத்தமும் போகும் நிலத்தில், உறுதியான வருவாய் உள்ள இடத்தை நம்புவதே எவரும் செய்வதாகும். ஆயினும் பணம் பசியைத் தணிக்கிறதே தவிர நிலத்தை மாற்றவில்லை என்பது தெளிவு. 1970களின் தொடக்கத்தில் சாகெல் பகுதியைத் தாக்கிய கொடும் வறட்சியின்போது பாரிசு விடுதிகளில் இருந்த இளைஞர் சிலர் எந்த ஆய்வும் இன்றியே இம்முடிவிற்கு வந்தனர். நிவாரணத்திற்குத் திரட்டும் பணம் அடுத்த வறட்சியைத் தடுக்காது என்று அவர்கள் உணர்ந்தனர். நாம் காணவிருக்கும் முதல் படைப்பு அவ்வுணர்விலிருந்து பிறந்தது.

சஃப்ரானா: மாணவராதல்

1971இல் பிரான்சில் நிறுவப்பட்ட ஆப்பிரிக்கத் தொழிலாளர் பண்பாட்டுச் சங்கம், விடுதிகளில் எழுத்தறிவு வகுப்புகளும் நாடகமும் நடத்தியதோடு, போர்த்துகீசிய ஆட்சிக்கு எதிரான ஆப்பிரிக்க விடுதலை இயக்கங்களுக்கும் துணைநின்றது. கினி-பிசாவு விடுதலைக்குத் தலைமை தாங்கிய அமில்கார் கப்ரால் வேளாண் பொறியியலாளர் என்பதும், 1953இல் அந்நாட்டின் வேளாண் கணக்கெடுப்பை நடத்தியவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கவை. மண்ணை அறிவதும் விடுதலையை நாடுவதும் அத்தலைமுறைக்கு வேறுவேறாகத் தோன்றவில்லை. சங்கத்தினர் சிலர் 1976இல் வடகிழக்குப் பிரான்சின் ஓத்-மார்ன் பகுதிச் சிறு உழவர்களிடம் சென்று பயிற்சி பெற்றனர்.

சொக்கோனாவின் ‘சஃப்ரானா’ இத்தகைய ஒரு பயணத்தையே கதையாக்குகிறது. பாரிசில் உழைக்கும் ஆப்பிரிக்கர் நால்வர், ஊர் திரும்பிப் பயன்படுத்துவதற்காக உழவுத்தொழிலைக் கற்க நாட்டுப்புறம் நோக்கிச் செல்கின்றனர். வழிநெடுக அவர்களது நகர வாழ்க்கையின் நினைவுகள் குறுக்கிடுகின்றன. சொக்கோனா தம் முந்தைய படமான ‘குடியுரிமை: குடியேறி’ எனும் 1975ஆம் ஆண்டுப் படத்தில் விடுதித் தொழிலாளரின் போராட்டத்தை எடுத்துக்காட்டியவர். அங்கே சினமாக வெளிப்பட்ட குரல் இங்கே உரையாடலாகத் தணிந்திருக்கிறது. இம்மாற்றத்தை வலுக்குறைவு என்று கருதுவோர் உளர். நாம் அதனை முதிர்ச்சி என்றே கொள்கிறோம். முதற்படத்தில் தொழிலாளர் முதலாளிக்கும் காவலருக்கும் மறுமொழி கூறுகின்றனர். இரண்டாம் படத்தில் வினாக்களைத் தாமே எழுப்புகின்றனர்.

படத்தின் துணைத்தலைப்பு ‘பேச்சுரிமை’ என்றிருப்பது ஊன்றி நோக்கத்தக்கது. உழவு பற்றிய படத்திற்கு விதை, நீர், நிலம் என்று பெயரிட்டிருக்கலாம். சொக்கோனா பேச்சைத் தேர்ந்தார். வெளிநாட்டு உதவித் திட்டங்களில் ஆப்பிரிக்க உழவர் எப்போதும் பயிற்றுவிக்கப்படுபவராகவே காட்டப்படுவர். இப்படத்திலும் ஆப்பிரிக்கர் பயில்கின்றனர். ஆனால் என்ன பயில்வது, யாரிடம் பயில்வது, எதற்காகப் பயில்வது என்பவற்றை முடிவு செய்தவர்கள் அவர்களே. பயிற்றுவிப்போரும் அரசு வல்லுநரல்லர்; பெருநிலக்காரருக்கும் வங்கிக் கடனுக்கும் இடையே தத்தளிக்கும் சிறு உழவர்கள். இருசாராரும் ஒரே பொருளாதார முறையால் நெருக்கப்படுவோராக ஒரே மேசையில் அமர்கின்றனர். படத்தின் ஆற்றல் இவ்வமர்விலேயே தங்கியுள்ளது.

எனினும் ‘சஃப்ரானா’ ஒரு முன்னுரையே. ஆப்பிரிக்க மண்ணில் என்ன நேரும் என்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. தோழர் நால்வரும் ஒரே மனத்தினராய் இயங்குவதால், ஊர் எனும் சிக்கலான அமைப்பு படத்தில் ஒரு நம்பிக்கையாக மட்டுமே இருக்கிறது. அந்நம்பிக்கை நிலத்தில் சோதிக்கப்பட்ட வரலாற்றை இரண்டாவது படைப்பில் காண்கிறோம்.

ஓர் உரிமை: உதவியோடு மோதல்

ஜாபே சோ, செனகல் நாட்டின் பக்கேல் வட்டாரத்தில் ஆற்றங்கரையில் அமைந்த குங்கானி எனும் ஊரைச் சேர்ந்தவர். பிரான்சில் வாழ்ந்து திரும்பிய அவர், 1970களில் ஊராரைத் திரட்டிக் கூட்டு வேளாண்மையைத் தொடங்கினார். ஆற்று நீரை இயந்திரத்தால் இறைத்து, ஊராருக்கு வேண்டிய உணவுப் பயிர்களைக் கூட்டாக விளைவிப்பதே திட்டம். அண்டை ஊர்களிலும் இவ்வகைக் குழுக்கள் தோன்றின. அந்நிலையில் 1965இல் நிறுவப்பட்ட செனகல் அரசின் ஆற்றுப்பள்ளத்தாக்கு மேம்பாட்டு நிறுவனம் அங்கு வந்தது. 1977இல் தொடங்கிய அமெரிக்க அரசு உதவித் திட்டமும் அந்நிறுவனத்தின் வழியாகவே செயற்பட்டது. நெல்லுக்கு முதன்மை தரவேண்டும், நிறுவனத்தின் கடன் விதிகளுக்கு உடன்பட வேண்டும் எனும் நெருக்கடி உழவர்க்கு ஏற்பட்டது. தாமே தொடங்கிய முயற்சியில் தாமே குத்தகையாளராக மாறும் நிலையை அவர்கள் எதிர்த்தனர்.

ஆய்வு செய்ய வந்து, ஜாபே சோவை மணந்து குங்கானியிலேயே வாழ்ந்த ஆடம்ஸ், இம்மோதலை 1979இல் இளம் ஆய்வாளர் ஒருவருக்கு விடுத்த திறந்த மடல் வடிவில் முதலில் எழுதினார். ஆய்வுக் கட்டுரைக்கு மடலின் வடிவத்தைத் தேர்ந்தது வெறும் நடை விருப்பன்று. உதவித் திட்டங்களுக்கு அறிக்கை எழுதித் தரும் ஆய்வாளரும் அம்மோதலில் ஒரு தரப்பினரே என்பதை அவ்வடிவம் உணர்த்துகிறது. பல்கலைக்கழகங்களில் பணியாற்றும் நம்மனோர் இதனைப் படிக்கையில் ஓரளவேனும் கூச்சமடைதல் இயல்பு.

1996ஆம் ஆண்டு நூல் அம்மோதலை நெடிய வரலாற்றில் வைத்துக் காட்டுகிறது. 1720 முதல் 1994 வரை ஒரு குடும்பத்தின் கதை வழியே ஓர் ஆற்றங்கரையின் வரலாறு கூறப்படுகிறது. நூலின் தலைப்பில் உள்ள ‘உரிமை’ எனும் சொல், உரிமை கோருதல் எனும் பொருளையும் தரும். மேம்பாட்டுத் திட்டங்கள் ஆற்றங்கரையை வெற்று நிலமாகவும், அங்குள்ளோரைப் பயனாளிகளாகவும் கண்டன. அந்நிலத்தில் முந்நூறு ஆண்டுக்கால நினைவு உண்டு என்பதே நூல் தரும் விடை. 1988இல் பாஃபிங் ஆற்றின்மீது மனந்தாலி அணை கட்டி முடிக்கப்பட்டபின், வெள்ளம் வடிந்த நிலத்தில் விதைக்கும் பழைய முறை ஆற்றின் போக்கை விட்டு அணையைத் திறப்போர் முடிவைச் சார்ந்ததாயிற்று. எப்போது விதைப்பது எனும் அறிவு உழவனிடமிருந்து அலுவலகத்திற்கு இடம்பெயர்ந்தது. தம் இறுதி ஆண்டுகள் வரை ஆடம்ஸ் இதனைப் பற்றியே எழுதினார்.

இருவர் இணைந்தெழுதிய நூல் என்பதால் இதன் குரலைத் தனித்துப் பிரித்தறிதல் எளிதன்று. ஊராரின் நினைவும் ஆய்வாளரின் ஒழுங்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ‘தகவலாளி’ என்று அடிக்குறிப்பில் மறைய வேண்டியவர் நூலாசிரியராக முன்னட்டையில் நிற்கிறார். சொக்கோனா கோரிய பேச்சுரிமை இங்கு எழுத்துரிமையாக நிறைவேறியது எனலாம். ஆயினும் நூல் ஒரு குடும்பத்தின் வழியே ஊரைக் காண்கிறது. ஒரு குடும்பத்தின் உரிமை கோரல், அதே நிலத்தை நம்பி வாழும் இன்னொரு குடும்பத்திற்கு எவ்வாறு ஒலிக்கும் எனும் வினா எஞ்சி நிற்கிறது. இதனைப் பின்னர் விரிப்போம்.

ஹராசி ஹன்னே: சேகரமும் வயலும்

மூன்றாவது படைப்பின் களம் மாலியின் காயெஸ் நகருக்கு அருகே, செனகல் ஆற்றங்கரையில் உள்ள சோமன்கிடி குரா. ‘குரா’ என்பது பம்பாரா மொழியில் ‘புதிய’ எனப் பொருள்படும். ஓத்-மார்னில் பயிற்சி பெற்றுத் திரும்பிய சிறு குழுவினர் 1977ஆம் ஆண்டு சனவரி மாதம் பழைய சோமன்கிடிக்கு அருகே புதர்மண்டிய நிலத்தில் கூட்டுறவுப் பண்ணையொன்றை அமைத்தனர். நிலத்தைத் திருத்தி, நீர் இறைத்து, வாழையும் காய்கறியும் பயிரிட்டனர். குடும்பங்கள் வந்து சேர்ந்தன. பண்ணை ஓர் ஊராயிற்று. படம் வெளிவந்த 2022ஆம் ஆண்டில் அதற்கு அகவை நாற்பத்தைந்து. திட்டங்கள் மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று வந்துபோகும் ஒரு பகுதியில் இது நீண்ட வாழ்நாள்.

நிறுவனர்களுள் ஒருவரான பூபா தூரே, 1948இல் மாலியின் தஃபசிர்கா எனும் ஊரில் பிறந்தவர். 1965இல் பிரான்சுக்குச் சென்று ஆலையில் உழைத்தவர். பின்னர்ப் பாரிசுத் திரையரங்குகளில் படம் ஓட்டுநராகப் பணியாற்றியவர். அத்துடன் நிழற்படக் கலைஞர். விடுதிகளையும் போராட்டங்களையும் பண்ணையையும் பல்லாண்டுகள் படமெடுத்துச் சேமித்தார். 2022 சனவரியில் அவர் மறைந்தார். அவரினும் ஒரு தலைமுறை இளையவரான கிரிசே 2008இலேயே இக்கூட்டுறவைப் பற்றி ஒரு படம் எடுத்திருந்தார். பல்லாண்டு உறவின் விளைவே ‘ஹராசி ஹன்னே’.

படம் தூரேயின் சேகரத்திலிருந்து தொடங்குகிறது. அவரே கதைசொல்லி. நிழற்படமொன்று ஒரு நினைவைத் தூண்ட, அந்நினைவு மற்றொரு காலத்திற்கு இட்டுச்செல்கிறது. சிறிது சிறிதாக வேறு குரல்களும் வந்து சேர்கின்றன. ஆண்களும் பெண்களும் வெவ்வேறு மொழிகளில் பேசுகின்றனர். நம் பாணர் மரபை ஒத்த, வழிவழியாகக் குலவரலாறு பாடும் கலைஞரின் குரலும் கேட்கிறது. இறுதியில் கதை தூரே ஒருவருக்கு மட்டுமே உரியதாக இருப்பதில்லை. தலைப்பின் பொருள் படத்தின் கட்டமைப்பாகவே அமைந்துவிடுவது இதன் தனிச்சிறப்பு. காயெஸ் ஊரக வானொலி 1988இல் தொடங்கப்பட்ட பகுதியில், ஒரு குரலுக்கு இன்னொரு குரல் மறுமொழி தருவது புதிதன்று. வானொலி கேட்டு வளர்ந்த சமூகத்தின் கதைமுறை இப்படத்தில் உயிர்பெற்றுள்ளது என்பது எம் கருத்து.

படத்தின் வலுவைப் போலவே அதன் இடரும் சேகரத்திலேயே உள்ளது. நிலத்தில் நிலையாக நின்றோர் தம் கதையைப் படமாக்கவில்லை. படமெடுத்தவர் பாரிசுக்கும் பண்ணைக்கும் இடையே வாழ்ந்தவர். இது குறையன்று, இடைநிலையே அவரைச் சான்றாளராக்கியது. எனினும் இரண்டு மணி நேரத்திற்கும் மேல் ஓடும் இப்படத்தில் பண்ணையின் அன்றாடக் கணக்கு வழக்கைவிடப் பண்ணையைப் பற்றிய நினைவே ஓங்கி நிற்கிறது. எத்தனை பருவம் நட்டம், எதனால் வாழை விலை வீழ்ந்தது, பிள்ளைகளுள் எத்தனை பேர் மறுபடியும் பிரான்சுக்குப் புறப்பட்டனர் என்பன போன்ற வினாக்களே ஓர் உழவனின் மனத்தில் முதலில் எழுவன. இவற்றை விரும்பும் பார்வையாளர் படத்திற்கு வெளியேதான் தேட வேண்டும். திரைவிழாக்களிலும் கலைக்கூடங்களிலும் இதனைக் காண்போருக்குச் சோமன்கிடி குரா ஓர் அழகிய கனவாக உறைந்துவிடக் கூடும். கனவாகக் காணப்படும் பண்ணையிடம் எவரும் கடினமான வினாக்களைக் கேட்பதில்லை.

‘சமூகம்’ என்பது யார்?

சமூக மேம்பாடு எனும் சொற்றொடரில் ‘மேம்பாடு’ பற்றியே நாம் மிகுதியும் வாதிடுகிறோம். ‘சமூகம்’ என்பதை ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறோம். சொனிங்கே சமூகம் மரபாக மூன்று அடுக்குகளைக் கொண்டது. உயர்ந்தோராகிய சுதந்திரக் குடியினர் ஒரு புறம். கொல்லர், தோல்வினைஞர், குலப்பாடகர் முதலிய தொழிற்குடியினர் ஒரு புறம். அடிமைகளின் வழித்தோன்றல்கள் மற்றொரு புறம். பிரெஞ்சு ஆட்சி 1905இல் அடிமை வாணிகத்தைச் சட்டத்தால் தடைசெய்தபோதிலும், அடிமை வழியினர் எனும் முத்திரை பல ஊர்களில் அழியவில்லை. அம்முத்திரை நிலத்தோடு நேரடித் தொடர்புடையது. ஊர்நிலத்தின்மீது முடிவெடுக்கும் அதிகாரம் நிறுவனக் குடும்பங்களிடம் இருக்க, ஏனையோர் அவர்கள் இசைவோடு உழ வேண்டியவராயினர்.

அண்மைக் காலத்தில் இம்முத்திரையை ஏற்க மறுத்து எழுந்த ‘கன்பனா’ இயக்கம் சமத்துவத்தை முன்வைக்கிறது. இவ்வியக்கம் பரவியதில் பிரான்சில் வாழும் சொனிங்கேயருக்குப் பெரும் பங்கு உண்டு. அதே வேளையில், பழைய முறையைக் காக்க முனைந்தோரும் அப்புலம்பெயர்ந்தோரிடையே இருந்தனர். 2018 முதல் காயெஸ் பகுதியில் முத்திரையை மறுத்த குடும்பங்கள் வயலும் கிணறும் மறுக்கப்பட்டு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டன. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் ஜந்ஜுமே எனும் ஊரில் அடிமை முறையை எதிர்த்தோர் நால்வர் கொல்லப்பட்டனர். வெளிநாட்டுப் பணத்தால் தோண்டப்பட்ட கிணறே ஒருவருக்கு மறுக்கப்படும் கிணறாகவும் ஆகலாம் என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.

இவ்வெளிச்சத்தில் நம் மூன்று படைப்புகளையும் மீண்டும் நோக்கினால் அவற்றின் வடிவ வரம்பு புலப்படும். ‘சஃப்ரானா’வின் நடுவே இருப்பது ஒரு தோழமைக் குழு, ஆடம்ஸ், சோ நூலின் நடுவே இருப்பது ஒரு குடும்பம், ‘ஹராசி ஹன்னே’யின் நடுவே இருப்பது ஒரு சேகரக்காரர். ஒவ்வொன்றிலும் ‘நாங்கள்’ எனும் சொல் அரசை நோக்கியும் அந்நிய நிறுவனத்தை நோக்கியும் பேசுகிறது. அத்திசையில் பேசும்போது ஒற்றுமை வேண்டற்பாலதே. ஆனால் உள்நோக்கித் திரும்பினால் அந்த ‘நாங்கள்’ பிளவுபட்டது. பெண்கள், நிலமற்றோர், அடிமை வழியினர் ஆகியோர் அச்சொல்லுக்குள் எங்கே நிற்கின்றனர் என்பதைப் படைப்பின் வடிவம் எளிதில் காட்டுவதில்லை. ‘ஹராசி ஹன்னே’ பிற குரல்களுக்கு இடம் தந்து இத்திசையில் ஓரடி எடுத்து வைத்துள்ளது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வரலாற்றாய்வாளர் மாரி ரோதே 2014இல் வெளியிட்ட, காயெஸ் பகுதி அடிமைகளின் விடுதலை பற்றிய குறும்படத்தை இம்மூன்றோடும் சேர்த்துக் காணுதல் நலம். ஆண்டைகளிடமிருந்து தப்பியோர் புதிய ஊர்களை நிறுவிய வரலாற்றை அது அவர்தம் வழித்தோன்றல்கள் வாயிலாகவே கூறுகிறது. புதிய ஊர் அமைத்தல் என்பது பாரிசிலிருந்து திரும்பியோர்க்கு முன்பே அப்பகுதியில் விடுதலையின் வழியாக இருந்துள்ளது என்பது அதனால் விளங்கும். சோமன்கிடி குரா பழைய ஊருக்குள் நுழையாமல் அதன் அருகே புதிதாக அமைந்ததன் பொருளும் அப்போது ஆழமாகிறது. குலத்தாலன்றிக் கூட்டு உழைப்பால் உறுப்பினராகும் ஓர் ஊர், பழைய அடுக்குகளுக்கு வெளியே நிற்கும் வாய்ப்பையேனும் பெறுகிறது.

முடிவுரை

புலம்பெயர்ந்தோர் ஆப்பிரிக்க உழவுக்கு ஆற்றும் துணையை மூன்று படிகளாகப் பகுத்துக் காணலாம். பணம் அனுப்புதல் முதற்படி; அது உயிர் காக்கும், நிலத்தை மாற்றாது. கற்றுத் திரும்புதல் இரண்டாம் படி. ‘சஃப்ரானா’ அதன் மாண்பைக் காட்டியது. நிலத்தைப் பற்றிய முடிவை உழுவோரிடமே வைத்திருத்தல் மூன்றாம் படி. குங்கானியும் சோமன்கிடி குராவும் அதற்காகவே போராடின. நான்காவது படியொன்றும் உண்டு. அம்முடிவில் ஊரின் கடைசி மனிதருக்கும் பங்களிப்பதே அது. இப்படைப்புகள் நம்மை அதன் வாயில்வரை அழைத்துச் செல்கின்றன.

தமிழில் புலம்பெயர்வு பற்றிய திறனாய்வு நெடுங்காலமாக இழப்பு, ஏக்கம், நினைவு ஆகியவற்றைச் சுற்றியே இயங்கிவருகிறது. தாயகம் அங்கே நினைக்கப்படும் இடம். செனகல் ஆற்றங்கரைப் படைப்புகளில் தாயகம் வேலை செய்யப்படும் இடம். சண்டையிடப்படும் இடமும் கூட. புலம்பெயர் இலக்கியத்தை வகுப்பறையில் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவற்றுள் ஒன்றையேனும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டால், ஏக்கத்தைக் கண்டறிவதோடு நில்லாமல், நினைக்கப்படும் ஊரில் நிலம் யாருடையது, பேசுவது யார், பேச்சற்று நிற்பது யார் எனும் வினாக்களை மாணவர் எழுப்பக் கற்பர். கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறிப்பது எளிது. கொடுத்தபின் யார் கை மண்ணில் இருக்கிறது, யார் சொல் அவையில் ஏறுகிறது என்று கேட்பதே திறனாய்வின் கடன்.